திரும்பி வந்த காசநோய்: பழைய கிருமியா, புதிய கிருமியா?



காசநோய் குணமான ஒருவருக்கு அது மீண்டும் வந்தால், "யாரிடமிருந்து ஒட்டியது?" என்ற பேச்சுத்தான் முதலில் எழுகிறது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியது கிருமியின் மரபணு.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாக் காசநோய்க் கிருமிகளும் ஒரே மாதிரி சிவப்புக் குச்சிகள்தான். ஆனால் அவற்றின் டி.என்.ஏ.வில் ஐ.எஸ்.6110 என்றொரு துண்டு ரகத்துக்கு ரகம் எண்ணிக்கையிலும் இடத்திலும் மாறுபடும். அதுவே கிருமியின் கைரேகை. தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் இத்துண்டு ஒன்றுதான் உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை. அதனால் 43 அடையாளங்களில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்க்கும் ஸ்போலிகோடைப்பிங் போன்ற சோதனைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

1956இல் தொடங்கப்பட்டு, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் சென்னை ஆய்வு மையம், நோய் திரும்பியவர்களின் முதல் கிருமியையும் இரண்டாம் கிருமியையும் இப்படி ஒப்பிட்டது. முடிவு 2010இல் வெளியானது. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் பத்தில் சுமார் ஒன்பது பேருக்குத் திரும்பியது பழைய கிருமியே. எச்.ஐ.வி. உள்ளவர்களிலோ பத்தில் சுமார் ஒன்பது பேருக்கு வெளியிலிருந்து புதிய கிருமி தொற்றியிருந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிப்பதைவிட மாத்திரையை முழுமையாக முடிப்பதே முக்கியம். இருமல் நின்றாலும் உள்ளே கிருமி மிச்சமிருக்கலாம். ரமளானிலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நேரத்தை மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. இரண்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். இரண்டு வாரம் இருமல் நீடிப்பவர் உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

கைரேகைச் சோதனை ஆராய்ச்சிக்கானது. ஆனால் மரபணுவைப் பார்க்கும் இன்னொரு சோதனையான சிபிநாட், அரசு மருத்துவமனைகளில் இலவசம். கிருமி ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் அது காட்டிவிடும். ஆகவே முன்பு காசநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள நம் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெறுங்கள். விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், உதவுகிறோம்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக.