ஒரு ஏக்கர்... நாலு வருமானம்! ஒருங்கிணைந்த பண்ணையத்தை எங்கிருந்து தொடங்குவது?

தக்காளி விலை சரிஞ்சா நமக்குக் கொண்டாட்டம். ஆனா, ஒரு ஏக்கர் முழுக்கத் தக்காளி மட்டுமே போட்டவருக்கு? பறிப்புக் கூலிகூடத் தேறாதுன்னு பழத்தைச் செடியிலேயே விட்டுடுறவங்களும் உண்டு.

ஒரே பயிரை நம்பும் இந்த ஆபத்தைக் குறைப்பதுதான் ஒருங்கிணைந்த பண்ணையம். பயிர், கால்நடை, மரம் மூன்றும் ஒரே நிலத்தில். ஊரில் இருக்கும் நிலத்தில் ஏதாவது செய்யலாம்னு யோசிக்கிறீங்களா? முதல்ல இதைப் படிங்க.

ஒன்றின் கழிவு, இன்னொன்றின் தீனி

நிலக்கடலை அறுவடை முடிஞ்சா கொடி மிஞ்சும். அது ஆட்டுக்குத் தீவனம். ஆட்டுப்புழுக்கை மட்கி வயலுக்கு உரமாகும். வேலியோரத்து அகத்தியும் கிளைரிசிடியாவும் வெட்ட வெட்டத் தழையும். அகத்தித் தழை ஆட்டுக்கு, கிளைரிசிடியா தழை மண்ணுக்கு. தீவனச் செலவு, உரச் செலவு ரெண்டுமே குறையும். அறுவடை முடிஞ்ச வயலில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதும் இதே கணக்குதான்.

பணம் எப்போ வரும்?

* பால், முட்டை: தினசரிச் செலவுக்கு.
* செடிமுருங்கை: நட்டு சுமார் 6 மாதத்தில் காய்ப்புக்கு வரும்.
* ஆடு: சினைக்காலம் 5 மாதம். குட்டி வளர்ந்துட்டா அவசரத்துக்குக் கைகொடுக்கும் ஏ.டி.எம்.
* தேக்கு: 20 வருஷத்துக்கு மேல் காத்திருக்கணும். உங்க பி.எஃப் மாதிரி!

ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று தாங்கும்.

முதல்ல ஆடு வாங்காதீங்க!

பலர் சறுக்குவது இங்கேதான். ஆட்டை வாங்கிக் கட்டிட்டு, அப்புறம் தீவனத்துக்கு அலைவாங்க. வரிசையை மாத்துங்க. முதலில் கோ-4 போன்ற தீவனப்புல்லை நடுங்க. முதல் அறுப்புக்கு சுமார் 75 நாள், அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். புல் தயாரானதும் நாலஞ்சு ஆடு போதும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியைத் தவறவிடாதீங்க.

மரக்கன்றுகளை வயலின் நடுவில் வைக்காம ஓரத்தில் வைங்க. வளர்ந்தபின் நிழல் பயிரைப் பாதிக்கும். ஆட்டுக்கு எட்டாத உயரம் வரும்வரை கன்றுகளுக்கு வேலியும் கட்டாயம். உங்க மண்ணுக்கு எது பொருந்தும்னு அருகிலுள்ள வேளாண் அறிவியல் மையத்தில் கேளுங்க.

கடைசியா ஒண்ணு: ஆடு, மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. தினமும் காலையில் தொழுவத்துக்குப் போக ஊரில் ஆள் இருக்காங்களா? இல்லைன்னா, இப்போதைக்கு மரத்தோடும் முருங்கையோடும் நிறுத்திக்கோங்க. ஆட்டை அப்புறம் பார்த்துக்கலாம்!