மண்ணுக்கு இவ்வளவு விலையா?

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்கள் 1974-ல் தமிழக அரசு எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். வீரசக்கதேவியைக் கும்பிடுகிறார்கள். பிள்ளைகளை நிறுத்தி நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். மே மாதத் திருவிழா என்றால் கூட்டம் அலைமோதும். எந்த ஊர்த் திருவிழாவையும் போல, குழந்தைகள் அடம்பிடித்து வாங்குவது பிளாஸ்டிக் துப்பாக்கியும் பேட்டரி காரும்தான்.

அந்தக் கையில் ஒரு பனையோலைக் கிலுகிலுப்பையோ, மண்ணில் செய்த குட்டிக் குதிரையோ, அம்மாவின் காதில் ஒரு சுடுமண் ஜிமிக்கியோ ஏறினால் எப்படி இருக்கும்? கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் வீட்டிலிருந்தே ஏதாவது தொழில் செய்யலாமா என்று யோசிக்கும் பெண்களுக்கு இது வெறும் ஆசை இல்லை, நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் செய்யத் தெரிவது பாதி வேலை. மீதிப் பாதி, விலை சொல்லத் தெரிவது. பலர் சறுக்குவது இரண்டாவதில்.

வெம்பக்கோட்டை சொல்லும் சேதி

பொம்மையும் அணிகலனும் இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. கரிசல் பூமியிலேயே, வைப்பாற்றங்கரையில் இருக்கும் வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொம்மைகளும் மணிகளும் குவியலாகக் கிடைத்தன. கீழடியிலும் சுடுமண் மணிகளும் காதணிகளும் உண்டு. இன்று ‘டெரகோட்டா ஜுவல்லரி’ என்று இன்ஸ்டாகிராமில் விற்பதை, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் பக்கத்துப் பெண்கள் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் இடிக்கும். கரிசல் மண் பருத்திக்கும் கம்புக்கும் தாயாக இருக்கலாம், பொம்மைக்கு அது ஆகாது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் நிலத்தில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதைப் பார்க்கிறோமே, அதேதான் கம்மலுக்கும் நடக்கும். அதனால் கண்மாய்க் களிமண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதையும் கரைத்து, வடிகட்டி, சன்னமான மணல் கலந்து பிசைய வேண்டும். கண்மாய் வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணம் இல்லாமல் எடுக்க, தாசில்தாரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று 2024-ல் விதியை எளிதாக்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று கிலோவில் பழகிப் பார்க்கிறவர்களுக்கு இந்த அலைச்சல் தேவை இல்லை. பக்குவம் செய்த களிமண் பாக்கெட்டிலேயே கிடைக்கிறது.

அடுப்பில்தான் இருக்கிறது சூட்சுமம்

உருட்டி, அச்சில் அழுத்தி, ஊசியால் கோடு போட்டு ஜிமிக்கி செய்வதை வீடியோ பார்த்தே பழகிவிடலாம். சுடுவதை அப்படிப் பழக முடியாது. செய்த உருப்படி முதலில் நிழலில் காய வேண்டும், சைஸைப் பொறுத்து நாலு நாளிலிருந்து ஒரு வாரம் வரை. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரம் நெருப்பில் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லாவிட்டால் உருப்படியை உடைத்துக்கொண்டு வரும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். ஒரு மாச வேலை ஒரு ராத்திரியில் ஓடாகிப் போவது இப்படித்தான்.

வீட்டில் சுடுகிறவர்கள் ஓட்டை போட்ட இரும்பு டிரம்மில் உமியும் வரட்டியும் அடுக்கி, நடுவில் உருப்படிகளை வைத்து மூட்டம் போடுகிறார்கள். ஆரம்பத்தில் சூடு மெள்ள ஏற வேண்டும். 600 டிகிரி தாண்டினால்தான் களிமண்ணில் கலந்திருக்கும் நீர் முழுதாக வெளியேறி, அது திரும்பவும் சேறாகாத பொருளாக மாறும். சரியாக வெந்ததா என்று பார்க்க மெஷின் வேண்டாம். சுண்டினால் ‘டிங்’ என்று சத்தம் வர வேண்டும். ஒன்றைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் கரைந்திருந்தால் அந்த ஈட்டையே விற்பனைக்கு எடுக்காதீர்கள். மழையில் நனைந்த வாடிக்கையாளரின் கழுத்தில் சேறு வழிந்தால் அதோடு பெயர் போச்சு.

நெருப்பு வேலை வேண்டாம் என்பவர்களுக்குத் துணி பொம்மை இருக்கிறது, தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியே போதும். இந்த வட்டாரத்தில் பனை ஓலைக்கும் பஞ்சமே இல்லை. இதே தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாட்டில் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கூட்டுறவுச் சங்கம் வைத்து ஓலைப் பொருட்கள் செய்து விற்கிறார்கள்.

நூறு ரூபாய்க்கு விற்றால் நஷ்டம்

இனி, கசக்கும் கணக்குக்கு வருவோம். நடுத்தர சைஸில் ஒரு ஜோடி சுடுமண் ஜிமிக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். களிமண், பெயின்ட், வார்னிஷ், கொக்கி, வளையம், உமி, வரட்டி, அட்டைப் பெட்டி எல்லாம் சேர்ந்து 40 ரூபாய் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா, “மண்ணுக்கு இவ்வளவு விலையா?” என்று கேட்கிறார். கூச்சத்தில், “சரிக்கா, நூறு குடுங்க” என்று கொடுத்தாகிவிட்டது. 60 ரூபாய் லாபம் என்று மனசு சொல்லும்.

கை உழைப்பை யார் கணக்கில் எடுத்தது? உருட்ட, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க, பெயின்ட் அடிக்க, கோக்க என்று ஒரு ஜோடிக்கு 80 நிமிஷம் போகிறது. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. மம்பட்டி பிடிக்கும் கைக்கு உள்ள கூலியாவது தூரிகை பிடிக்கும் கைக்கு வேண்டாமா? 80 நிமிஷத்துக்கு 56 ரூபாய். ஆக, அடக்கம் 96.

இதோடு முடியவில்லை. பத்தில் இரண்டு சூளையிலோ கூரியரிலோ உடையும். அந்த இரண்டின் செலவை மிச்சம் எட்டுதான் சுமக்க வேண்டும். 960 ரூபாயை எட்டால் வகுத்தால் 120. (சூளையில் உடைந்ததற்குப் பெயின்ட் செலவு இல்லையே என்று வாதாடலாம். வாஸ்தவம்தான். கூரியரில் உடைந்ததற்குத் திரும்ப ஒன்று அனுப்பும்போது அந்த வாதம் அடிபட்டுப் போகும்.) 120 ரூபாய் என்பது லாபம் வரும் விலை அல்ல, நஷ்டம் நிற்கும் விலை. நூறுக்கு விற்ற ஒவ்வொரு ஜோடிக்கும் 20 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கடையில் வைத்து விற்றால் இன்னொரு கணக்கு. விற்ற பிறகு 30 சதவிகிதம் கழித்துக்கொள்வேன் என்று கடைக்காரர் சொன்னால், நம் கைக்கு 120 வர சீட்டில் 172 ரூபாய் எழுத வேண்டும். அந்த விலைக்குப் போகுமா என்பதைப் பொருள் செய்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும், செய்து அடுக்கிய பிறகு அல்ல. போகாது என்று தெரிந்தால் வேலைப்பாட்டைக் குறைத்து 40 நிமிஷத்தில் முடிகிற டிசைனுக்கு மாறலாம். கூலியைக் குறைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

கோவில்பட்டிப் பெண்களுக்கு வீட்டுத் தொழில் என்றதும் முதலில் ஞாபகம் வருவது தீப்பெட்டி. திண்ணையில் உட்கார்ந்து கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனையோ. அங்கே குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எவ்வளவு என்று சொல்வது கம்பெனி. மெஷின் வந்ததும் அந்த வேலையும் சுருங்கியது. பொம்மையிலும் நகையிலும் விலை சொல்லும் இடத்தில் நாமே உட்கார்ந்திருக்கிறோம். அங்கே உட்கார்ந்துகொண்டும் பழைய கூலிக்காரியாகவே பேசினால் எப்படி?

குழந்தை கையில் கொடுப்பதற்கு முன்

பொம்மை செய்கிறவர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்கிறவர்களால் அந்தப் பரிசோதனைச் செலவைத் தாங்க முடியாது. அதனால்தான், மத்திய கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைக் கலைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அங்கே தரும் ‘பெஹ்சான்’ அட்டையை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் விலக்கு கொடுத்தாலும் குழந்தையின் தொண்டை விலக்கு கொடுக்காது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான துணி பொம்மையில் பட்டன் கண் வைக்காதீர்கள், நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள். வாயில் வைக்கும் பொம்மைக்கு ஈயம் கலக்காத பெயின்ட்தானா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். கம்மல் கொக்கியிலும் கவனம் தேவை. விலை மலிவான நிக்கல் கொக்கி சிலருக்கு அரித்துப் புண்ணாக்கிவிடும். வெள்ளியோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போட்டு, அந்தச் செலவையும் விலையில் சேருங்கள்.

‘உத்யம்’ பதிவு ஆன்லைனிலேயே இலவசம். பணம் கேட்கும் வெப்சைட்டுகளில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 35 வயது தாண்டியவர்கள் 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் கேட்கலாம். தூத்துக்குடி மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கிடைக்கும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் அடையாள அட்டையைக் காட்டி, 25 கிலோ வரையிலான சரக்கை அரசுப் பேருந்தில் 100 கிலோமீட்டர் வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்றும் 2025-ல் அறிவிப்பு வந்தது. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலிச் சந்தைகளுக்குப் பெட்டி தூக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

விளாச்சேரியின் காலண்டர்

வீட்டையே பட்டறையாக வைத்துக்கொண்டு பிழைப்பது எப்படி என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மதுரை திருப்பரங்குன்றம் பக்கத்திலுள்ள விளாச்சேரிக்கு ஒருமுறை போய்வரலாம். தெருவில் நடந்தால் திண்ணை, வாசல், மொட்டை மாடி எங்கும் பொம்மை காயும். தாத்தா அச்சில் எடுப்பார், மருமகள் கண் எழுதுவார். அவர்கள் நவராத்திரியை மட்டும் நம்பி இருப்பதில்லை. விநாயகர் சதுர்த்தி முடிந்தால் கொலு, கொலு முடிந்தால் கார்த்திகை விளக்கு, அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று வருஷம் முழுக்கக் கை ஓடிக்கொண்டே இருக்கும்.

கரிசல் காட்டுக்கு அந்தக் காலண்டரை அப்படியே எடுத்துவர முடியாது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் எதுவும் காயாது, உமியும் நமுத்துவிடும். கொலு வியாபாரத்துக்கான மண் வேலையை ஆடிக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். ஆவணியில் பெயின்ட் வேலை. மழை மாசங்களைத் துணி பொம்மைக்கும் மணி கோக்கவும் ஒதுக்கலாம். மே திருவிழாவுக்கான குதிரையும் கோட்டையும் மாசியிலேயே அச்சில் ஏற வேண்டும்.

அச்சில் ஏற்றும்போதே பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். எத்தனை செய்தோம், எத்தனை உடைந்தது, எத்தனை நிமிஷம் ஆனது, மதினிக்குக் கடனாகக் கொடுத்தது எத்தனை ஜோடி என்று அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். அடுத்த தடவை பக்கத்து வீட்டு அக்கா விலை கேட்கும்போது, அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.