நெய்வேலிச் சுவரில் காற்றின் கணக்கு

வடலூரை ஒட்டியே நெய்வேலிச் சுரங்கங்கள். வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் நின்றால் மேலே செக்கச்செவேலென்று மண், நடுவே மணற்கல்லும் களிமண்ணும், அடியில் பழுப்பு நிலக்கரி. வெட்டியெடுத்த கட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள்: ஈரமாயிருக்கும், எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். சில கட்டிகளில் மர இழைகூடத் தெரியும்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த சதுப்புக்காட்டு மரங்கள் இவை. மரம் விழுந்து மட்கினால், அது காற்றிலிருந்து எடுத்த கார்பனும் காற்றுக்குக் கொடுத்த ஆக்சிஜனும் மறுபடி சேர்ந்து கணக்கு நேராகிவிடும். சேற்றுக்குள் புதைந்தால் நேராகாது. கார்பன் மண்ணுக்கடியில் தங்கும், ஆக்சிஜன் காற்றில் மிஞ்சும். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதற்கு இப்படிப் புதைந்த கார்பன்தான் பெருங்காரணம். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தின் அலையாத்திச் சேற்றில் இந்தப் புதைப்பு இன்றும் நடக்கிறது. காற்றிலுள்ள அதே ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்ததால்தான் மேல்மண் சிவந்தது. அடியிலிருக்கும் பழுப்பு, காற்றுக்கு ஆக்சிஜனை வரவு வைத்தது. மேலிருக்கும் சிவப்பு அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ஒரே சுவரில் இரண்டும் தெரிவது எனக்குப் பெரிய அதிசயம்.

இதைவிட ஆழமான கொடுக்கல் வாங்கலும் உண்டு. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையை அரிக்கிறது. கரைந்தது கடலுக்குப் போய்ச் சிப்பி ஓடாகி, சுண்ணாம்புக்கல்லாகிறது. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வெட்டுவது டைனோசர் காலத்துக் கடலில் சேர்ந்த சுண்ணாம்புக்கல்தான். கடல்தரை மெல்ல நகர்ந்து பூமிக்குள் அமிழும்போது அந்தக் கல் வெந்து, வாயு எரிமலை வழியாக மேலே திரும்புகிறது. கூடவே உள்ளே போகும் நீர், பாறையைக் குறைந்த வெப்பத்திலேயே உருகவைக்கிறது. அதாவது, மேலே கடல் இருப்பது கீழே பாறை நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றுகிறது. காற்று சூடேறினால் மழையும் அரிப்பும் கூடி வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பு தளர்ந்து வாயு சேரும்.

வெள்ளியில் கடல் இல்லை. பூமி சுண்ணாம்புக்கல்லில் பூட்டி வைத்திருக்கும் அளவுக்கு ஒப்பான கரியமில வாயு அங்கே வானத்திலேயே நிற்கிறது. காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு, வெப்பம் 460 டிகிரிக்கு மேல். செவ்வாய் சிறியது, உள்ளே சீக்கிரம் ஆறிவிட்டது. எரிமலைகள் ஓய்ந்தன, காந்தப்புலமும் போயிற்று, காற்று விண்வெளிக்குக் கசிந்தது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் சென்றடைந்த அந்தக் கோளில் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

நெய்வேலியில் முதல் அனல்மின் அலகு 1962-ல் இயங்கத் தொடங்கியது. சுரங்கம் பற்றிய பேச்சில் மின்சாரம், பறிபோகும் வயல், இறங்கும் நிலத்தடி நீர் எல்லாம் வருகின்றன, வரத்தான் வேண்டும். காற்றின் கணக்கும் அதில் சேரவேண்டும் என்பேன். உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமில வாயுவைவிடக் குறைந்தது 50 மடங்கு நாம் எரிபொருளை எரித்தே விடுகிறோம். மழையும் பாறையும் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் அதற்குச் சில லட்சம் ஆண்டுகள் ஆகும்.