ஆட்குறைப்புக் கடிதமும் ஒரு மாதக் கெடுவும்

சிங்கப்பூரின் தோ பாயோ லோரோங் 1-இல் பிலிப்ஸ் தொழிற்சாலை மின்னணுச் சாதனங்களை உற்பத்தி செய்துவந்த 1970களில், அதிகம் படிக்க வசதியற்றவர்களுக்கும் நிரந்தர ஜீவனம் வாய்த்தது. அந்தத் தலைமுறை வியர்வை சிந்திப் படிக்கவைத்த பிள்ளைகளோ, பட்டம் பெற்று இடைநிலை உத்தியோகங்களில் அமர்ந்தபின், கணக்கெழுதுதல், தரவுப் பதிவு, வங்கி முகப்புச் சேவை என்று ஒரே விதிப்படி திரும்பத் திரும்பச் செய்யத்தக்க காரியங்களையெல்லாம் கணினி ஏற்றுக்கொள்வதைக் காண்கிறார்கள். மேலே விசேஷ நிபுணர்களுக்கும், கீழே காவல், துப்புரவு, உணவு விநியோகம் முதலியவற்றுக்கும் ஆள் தேவைப்பட, நடுவில் உள்ள படிகள் தேய்ந்து, பட்டதாரி தம் கல்விக்குக் குறைந்த வேலைக்கு இறங்க நேர்கிறது.

அவ்வாறு இறங்குவதில் அவமானம் ஏதுமில்லை. வேலை பறிபோனதை அவமானமென்று கருதி வாய்மூடியிருப்பதில்தான் அபாயம் இருக்கிறது. ஏனெனில் சட்டம் நமது மனம் தேறும்வரை காத்திருப்பதில்லை. 2019 ஏப்ரல் முதல் நிர்வாகிகளுக்கும் மேலாளர்களுக்கும் சம்பள உச்சவரம்பின்றிப் பொருந்தும் வேலை நியமனச் சட்டத்தின்படி, நியாயமற்ற பணிநீக்கம் குறித்த முறையீட்டைக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதத்துக்குள், பூசல் நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் தாக்கல் செய்தாக வேண்டும். சம்பளப் பாக்கிக்கு, வேலை முடிந்தபின் ஆறு மாதம் அவகாசம் உண்டு. சமரசம் கைகூடாவிடில் வழக்கு, வேலை சார்ந்த கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குச் செல்லும்.

"நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், கௌரவமாக இருக்கும்" என்று நயந்து சொல்லப்படும் வார்த்தையைக் கேட்டு உடனே கையெழுத்திடாதீர்கள். நிர்ப்பந்தத்தால் பெறப்பட்ட ராஜினாமாவும் பணிநீக்கமாகவே கருதப்படலாம். ஆனால் நிர்ப்பந்தத்தை நிரூபிக்க வேண்டியவர் ஊழியரே. ஆட்குறைப்பு என்று கூறி அனுப்பிவிட்டு, அதே வேலைக்கு உடனடியாக வேறொருவரை அமர்த்தினால், அதுவும் கேள்விக்குரியது. ஆட்குறைப்புத் தொகையோ ஒப்பந்தத்தையும் பேச்சுவார்த்தையையும் பொறுத்தது. இரண்டாண்டு சேவை முடித்தோருக்கு, சேவையாற்றிய ஆண்டொன்றுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை தருவது நிலவிவரும் வழக்கமேயன்றிக் கட்டாயமன்று. தொழிற்சங்க உறுப்பினராயிருப்பது இவ்விடத்தில் பெரிதும் துணைசெய்யும்.

அடுத்த வேலையைத் தேடும்போது, 40 வயதை எட்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையை, எந்த வேலைக்கு எந்தப் பயிற்சி என்று விசாரித்தறியாமல் செலவிட வேண்டாம். வேலை வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் எவராயினும், 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இன்றே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போகும் அன்று அலுவலக மின்னஞ்சலும் கூடவே மூடப்பட்டுவிடும்.