சாஃப்ட்வேர் ஃப்ரீ, வரி ஃப்ரீ இல்லை!

காலேஜ்ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டை, வேலைக்குச் சேர்ந்த பிறகும் ராத்திரியில தொடர்றீங்களா? இது உங்களுக்குத்தான்.

மெஷின் லேர்னிங் படிக்கும் பலரும் முதலில் தொடும் சைக்கிட்-லேர்ன், 2007-ல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் டேவிட் கூர்னபோ தொடங்கியது. மென்பொருள் எல்லாருக்கும் இலவசம். ஆனால் அந்தத் திட்டத்தில் கோட் எழுதுபவருக்கு உதவித்தொகை உண்டு.

இங்கேதான் குழப்பம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி, ப்ராஜெக்டுக்கு வந்த டாலரைக் காட்டி, "ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே சார், வரி எதுக்கு?"ன்னு கேட்டார். ஃபார்ம் 16-ல் சம்பளம் மட்டும்தான் இருந்தது.

மூணு விஷயம் கவனிங்க:

1. வேலைக்குக் கிடைத்த பணம் டாலரில் வந்தாலும் வருமானம்தான். ரிட்டர்னில் காட்டுங்க. அதுக்காகக் கட்டிய கிளவுட் வாடகை பில்லை பத்திரமா வைங்க. செலவாகக் கழிக்க வழியுண்டு.

2. டிடிஎஸ் போக மீதி வரி 10,000 ரூபாயைத் தொட்டால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். தவறினால் வட்டி.

3. ஆஃபர் லெட்டரைப் படிங்க. ராத்திரி எழுதும் கோடும் கம்பெனிக்கே சொந்தம்னு ஒரு வரி இருக்கலாம். இருந்தா, எழுத்தில் அனுமதி வாங்கிட்டு ஆரம்பிங்க.

அந்தத் தம்பி கெடுவுக்குள்ள கேட்டார், தப்பிச்சார். நீங்களும் இன்னைக்கே பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்க!