துணைப் பொதுச் செயலாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

போன வருஷம் எங்க அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளருக்குத் திடீர்னு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனுஷன் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அந்த மூணு வாரத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோனது. புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும், செக்கில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. துணைச் செயலாளர் என்று ஒருவர் இருக்கத்தான் செய்தார். ஆனால் அவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கவில்லை. செயலாளரே "நீங்க கூட இருங்க சார்" என்று வைத்துக்கொண்டவர். பேங்கில் தீர்மானத்தின் நகல் கேட்டார்கள், காட்ட ஒன்றுமில்லை. நடுவில் லிஃப்ட் பழுதானது. எங்கம்மாவை வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக, மூணாவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் தம்பியும் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

அந்தப் படிக்கட்டில் இறங்கும்போது வந்த கேள்விதான் இந்தப் பதிவு. "துணை" என்று ஒரு பதவி இருந்தால் அதன் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? தலைவர் கொடுத்ததா, உறுப்பினர்கள் கொடுத்ததா? 48 வீட்டுச் சங்கத்துக்கே இது இவ்வளவு முக்கியம் என்றால், மாநிலத்தையே ஆளும் கட்சிகளில் எப்படி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடலை எங்க ஏரியாவிலேயே தொடங்கலாம். 1949 செப்டம்பர் 17-இல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. மறுநாள் 18-ஆம் தேதி முதல் பொதுக்கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் நடந்தது. ஹார்பரில் வேலை பார்த்த எங்க தாத்தா, அன்றைக்கு நனைந்துகொண்டே நின்று கேட்டதாகச் சொல்வார். அந்தப் பூங்காவுக்கு இப்போது அண்ணாவின் பெயர்.

அந்தக் கட்சியில் ஒரு விசித்திரம் உண்டு. தலைவர் பதவியே கிடையாது. அந்த நாற்காலி பெரியாருக்கு உரியது, அது காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அண்ணா பொதுச் செயலாளராக மட்டும் இருந்தார். ஆக, பெயரளவில் இரண்டாம் இடம், நடைமுறையில் முதலிடம். 1956-இல் அந்தப் பொறுப்பை நெடுஞ்செழியனிடம் கொடுத்தார், 1960-இல் மறுபடி தானே ஏற்றார். கட்சி விதிப்புத்தகத்தில் யார் பொதுச் செயலாளராக இருந்தாலும், தொண்டர்களுக்குத் தலைவர் யார் என்பதில் அந்த நாலு வருஷமும் சந்தேகம் வந்ததில்லை.

சந்தேகம் வந்தது 1969 பிப்ரவரி 3-இல், அண்ணா மறைந்த அன்று. அமைச்சரவையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் நெடுஞ்செழியன். அவர் தற்காலிக முதல்வரானார். ஒரு வாரத்தில் சட்டமன்றக் கட்சி கலைஞரைத் தேர்ந்தெடுத்தது, பிப்ரவரி 10-இல் அவர் முதல்வரானார். கட்சிக்குள் அடுத்து என்ன செய்வது? அந்த வருஷம் ஜூலையில் விதியைத் திருத்தி, 20 வருஷமாகக் காலியாக இருந்த தலைவர் பதவியை உண்டாக்கினார்கள். கலைஞர் தலைவர், நெடுஞ்செழியன் பொதுச் செயலாளர், எம்.ஜி.ஆர். பொருளாளர். பொதுச் செயலாளர் என்ற அதே பதவி, ஒரே திருத்தத்தில் முதலிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு இறங்கியது.

நெடுஞ்செழியனின் கதையைத் தனியாகவே எழுதலாம். 1977-இல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்து பிறகு அ.தி.மு.க.வில் சேர்ந்தார். 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இரண்டாம் இடத்தில் இருந்தவர் அவர்தான். மறுபடி தற்காலிக முதல்வர், இந்தத் தடவை இரண்டு வாரம். 1988 ஜனவரி 7-இல் ஜானகி அம்மாள் முதல்வரானார். வரிசையில் இரண்டாவதாக நிற்பதும், வாரிசாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இப்போது "துணை" என்ற சொல்லுக்கு வருவோம். தி.மு.க.வில் தலைவர், பொதுச் செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரையும் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. துணைப் பொதுச் செயலாளர்கள் நியமனம். இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் 2020 செப்டம்பர் 9-ஐ எடுத்துக்கொள்ளலாம். அன்று பொதுக்குழுவில் துரைமுருகன் பொதுச் செயலாளராகவும் டி.ஆர்.பாலு பொருளாளராகவும் போட்டியின்றித் தேர்வானார்கள். அதே கூட்டத்தில் க.பொன்முடியும் ஆ.ராசாவும் துணைப் பொதுச் செயலாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். முதல் இருவர் வேட்புமனு போட்டு வந்தவர்கள். அடுத்த இருவர் அறிவிப்பில் வந்தவர்கள்.

அறிவிப்பில் வந்தது அறிவிப்பிலேயே போகும். 2025 ஏப்ரல் 11-இல், ஒரு பேச்சு சர்ச்சையானதும், தலைவர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பில் பொன்முடியை அந்தப் பதவியிலிருந்து நீக்கினார். அன்றைக்கே திருச்சி சிவா நியமிக்கப்பட்டார். பொதுக்குழு கூட வேண்டியிருக்கவில்லை. இதில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது. சிக்கல் வந்தால் தலைமை உடனே செயல்பட முடியும், அது வசதி. தலைமையிடம் "இல்லை" என்று சொல்லும் தெம்பு அந்தப் பதவிக்கு வராது, அது குறை.

தி.மு.க. இன்னொரு வழியையும் கையாண்டது. கலைஞர் உடல்நலம் குன்றியிருந்தபோது, 2017 ஜனவரி 4-இல் பொதுக்குழு கூடி விதியைத் திருத்தி, ஸ்டாலினைச் செயல் தலைவராக்கியது. அதாவது தலைவர் இருக்கும்போதே அவருடைய அதிகாரத்தை இன்னொருவர் கையில் முறைப்படி கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கும் மேல் அப்படி ஓடியது. 2018 ஆகஸ்ட் 7-இல் கலைஞர் மறைந்தார், 28-இல் ஸ்டாலின் போட்டியின்றித் தலைவரானார். குடும்ப வாரிசு என்ற விமர்சனம் தனி விவாதம். அதிகாரம் கைமாறிய விதத்தை மட்டும் பார்த்தால், எங்க தொழிலில் சொல்வதுபோல, சர்வர் டவுன் ஆகும் முன்பே ஸ்டாண்ட்பையை ஓடவிட்டுச் சோதித்துவிட்டார்கள்.

அந்த ஏற்பாடு செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அ.தி.மு.க. பாடம். அந்தக் கட்சியின் விதி, காகிதத்தில் தி.மு.க.வை விட ஜனநாயகமானது. பொதுச் செயலாளரை எல்லா அடிப்படை உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக்குழு எந்த விதியை வேண்டுமானாலும் திருத்தலாம், இந்த ஒன்றைத் தவிர என்றும் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் 2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா மறைந்தபோது, அடுத்து யார் என்று சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாமவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். டிசம்பர் 29-இல் பொதுக்குழு சசிகலாவைத் தற்காலிகப் பொதுச் செயலாளராக்கியது. 2017 பிப்ரவரியில் சிறைக்குப் போகும் முன் அவர் டி.டி.வி.தினகரனைத் துணைப் பொதுச் செயலாளராக நியமித்தார். தினகரன் 2011-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர், நியமனத்தை ஒட்டித்தான் மறுபடி சேர்க்கப்பட்டார். கட்சிப் பதவிக்கு ஐந்து வருஷம் தொடர்ந்து உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, ஆகஸ்டில் எடப்பாடி பழனிசாமி தரப்பு அந்த நியமனம் செல்லாது என்று தீர்மானம் போட்டது. செப்டம்பர் 12-இல் பொதுக்குழு சசிகலாவின் நியமனத்தையே ரத்து செய்தது. தற்காலிகமானவர் நியமித்த துணை. மேலே இருக்கிற கயிறு அறுந்தால் கீழே தொங்குகிற வாளி என்ன ஆகும்?

அதே கூட்டத்தில் புதிய ஏற்பாடு வந்தது. ஓ.பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், எடப்பாடி இணை ஒருங்கிணைப்பாளர். பெயர் "இணை", ஆனால் இருவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். எங்க வேலையில் இதற்கு ஸ்ப்ளிட் பிரெயின் என்று பெயர். இரண்டு சர்வர்கள் தானே பிரதானம் என்று நினைத்துக்கொண்டால், இரண்டும் நல்ல சர்வராக இருந்தாலும் டேட்டா கெட்டுப்போகும். 2021 டிசம்பரில் இருவரும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜூன் 23 பொதுக்குழு அதற்கான விதித்திருத்தத்துக்கு ஒப்புதல் தராததால் இரண்டு பதவிகளும் காலாவதி என்றது எடப்பாடி தரப்பு. ஐந்து வருஷத்துக்குத் தேர்வானவர்கள் நாங்கள் என்றார் பன்னீர்செல்வம். ஜூலை 11-இல் எடப்பாடி இடைக்காலப் பொதுச் செயலாளரானார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு அப்படி, ஒரு தீர்ப்பு இப்படி. கடைசியில் 2023 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றம் ஜூலை 11 பொதுக்குழு செல்லும் என்றது. மார்ச் 28-இல் எடப்பாடி பொதுச் செயலாளரானார். ஜெயலலிதா மறைவிலிருந்து கணக்குப் போட்டால் ஆறு வருஷத்துக்கு மேல்.

தேர்ந்தெடுக்கப்பட்ட துணைத் தலைவர் இருந்தால் எப்படி இருக்கும்? தமிழர்களிடமே உதாரணம் உண்டு. மலேசிய இந்தியன் காங்கிரஸில் 1977-இல் துணைத் தலைவர் தேர்தல் நடந்தது. சாமிவேலு, எஸ்.சுப்பிரமணியத்தை வெறும் 26 ஓட்டில் வென்றார். 1979-இல் தலைவர் மாணிக்கவாசகம் திடீரென மறைந்தார். துணைத் தலைவர் தலைமைக்கு வந்தார், 2010 வரை இருந்தார். 26 பேர் மாற்றிப் போட்டிருந்தால் மலேசியத் தமிழர்களின் 31 வருஷ அரசியல் வேறு மாதிரி போயிருக்கலாம். தலைமை மாற்றம் கோர்ட்டுக்குப் போகாமல் நடந்தது. ஆனால் தேர்தலில் வந்த துணை என்பதாலேயே பின்னால் நல்ல ஜனநாயகம் வந்துவிடும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதையும் அந்த 31 வருஷம் சொல்கிறது.

பிரிட்டனில் லேபர் கட்சியும் துணைத் தலைவரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறது. 1981-இல் டெனிஸ் ஹீலி, டோனி பென்னை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். 1994 மே மாதம் தலைவர் ஜான் ஸ்மித் திடீரென இறந்தபோது, துணைத் தலைவர் மார்கரெட் பெக்கெட் உடனே பொறுப்பேற்றார். பிறகு தலைவர் தேர்தல் நடந்தது, அதில் அவர் டோனி பிளேரிடம் தோற்றார். பொறுப்பை ஏந்திக்கொள்வது துணையின் வேலை, அடுத்த தலைவரைத் தீர்மானிப்பது உறுப்பினர்களின் வேலை என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் சட்டம் இதில் என்ன சொல்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. துணைத் தலைவர் வேண்டுமா, அவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதைக் கட்சியின் விதிப்புத்தகத்துக்கே விட்டுவிடுகிறது. அந்தப் புத்தகத்தை உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? எங்க தெருவில் இரண்டு கட்சி வட்டச் செயலாளர்களையும் கேட்டேன். இருவரும் நல்லவர்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். புத்தகம் கையில் இல்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்க சங்கத்தின் விதியை நானே லிஃப்ட் நின்ற பிறகுதான் படித்தேன். போன பொதுக்குழுவில் இரண்டு வரி சேர்த்தோம். துணைச் செயலாளரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். செயலாளர் செயல்பட முடியாமல் போனால் மூணு மாதம் வரை கையெழுத்து அதிகாரம் அவருக்கு, அதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். 48 வீட்டில் 31 பேர் வந்து கைதூக்கினார்கள். தீர்மானத்தின் நகல் ஒன்று பேங்கில் இருக்கிறது, இன்னொன்று லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறாள்.