தோட்டா கைநிரப்பல்

தோட்டா கைநிரப்பல் என்பது சுடப்பட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் வேட்டையாடுவோர் பலர் செலவைக் குறைக்க இதைச் செய்கின்றனர். இலக்குச் சுடுதல் போட்டியாளர்களுக்கோ துல்லியமே நோக்கம்.

ஆலையில் செய்யப்படும் தோட்டா, அந்த அளவுடைய எல்லா ரைபிள்களிலும் நுழைந்தாக வேண்டும். கைநிரப்புபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தம்முடைய ஒரு ரைபிளுக்குப் பொருந்தினால் போதும். சுடும்போது கூடு விரிந்து அந்த ரைபிளின் அறை வடிவத்தைப் பெறுகிறது. அதைத் தேவைக்கு மேல் சுருக்காமல் விட்டால், அடுத்த முறை குண்டு குழலின் மையக்கோட்டில் நேராக நிற்கும்.

கூட்டின் கழுத்தே அதிகத் தொல்லை தருவது. திரும்பத் திரும்ப விரிந்து சுருங்குவதால் பித்தளை இறுகிவிடும். ஒரு கழுத்து குண்டை இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் பிடித்தால் குண்டின் வேகம் மாறும். எனவே கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குகின்றனர். வெப்பம் கூட்டின் அடிப்பகுதிக்குப் பரவக்கூடாது; அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது.

வெடிமருந்தின் எடை கிரெய்ன் அளவில் (1 கிரெய்ன் சுமார் 64.8 மில்லிகிராம்) கணக்கிடப்படுகிறது. 1000 கெஜத் தொலைவில் சுடுவோர் ஒவ்வொரு நிரப்பையும் தராசில் நிறுக்கின்றனர். அத்தொலைவில் சிறு வேக வேறுபாடும் குண்டை மேலோ கீழோ விலக்கிவிடும். ஆனால் 100 கெஜத்தில் மேசைமேல் ரைபிளைத் தாங்கவைத்துச் சுடும் போட்டியாளர்களில் பலர் நிறுப்பதே இல்லை. 1970களில் லூயிஸ் பால்மிசானோ, பெரிஸ் பிண்டெல் ஆகியோர் உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவை, போட்டி நடக்கும் இடத்திலேயே அளவைக் கருவியால் நிரப்பி, அன்றைய வெப்பநிலைக்கேற்ப அளவை மாற்றுகின்றனர். தராசை மட்டும் நம்புவோருக்கு இது வியப்பளிக்கலாம்.

தவறினால் விளைவு கடுமையானது. வேகமாக எரியும் மருந்து சிறிதளவே தேவைப்படும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில், கவனக்குறைவால் இருமுறை நிரப்பினாலும் கூடு வழியாது. சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். இதனால் மேசையில் ஒரே ஒரு வகை மருந்தை மட்டும் வைப்பதும், குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டினுள்ளும் பார்ப்பதும் அடிப்படை விதிகளாகக் கருதப்படுகின்றன.

ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பயன்படும் .22 தோட்டாவுக்கு இம்முறை பொருந்தாது. அதில் தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்புவதில்லை. அவ்வீரர்கள் ஆலையின் பல உற்பத்தித் தொகுதிகளைத் தங்கள் ரைபிளில் சுட்டுப் பார்த்து, நன்கு பொருந்தும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கின்றனர்.